ஒருமுறை ஊற்றிய தண்ணீர்

என் தம்பி மகளுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்க விடமாட்டேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அந்த நாட்களில் சொந்தக்காரர்கள் யார் போன் செய்தாலும் எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்குத்தான். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்பார்கள். அவர் "சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். அதோடு சரி. என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பிடிவாதம் என்றார்கள். பிடிவாதம்தான். அந்தக் குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தது நான். போதகர் கொடுக்காதது செல்லாது என்று முடிவாகிவிட்டால், ஒரு பகல்கூட முழுதாக இருக்காமல் போன என் மகளுக்கு அவள் அப்பா ஊற்றிய தண்ணீரும் செல்லாது என்றாகிவிடும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தத் தண்ணீரை நம்பித்தான் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அதை வந்து பிடுங்க யாரையும் விடுவதாக இல்லை.

எங்கள் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு சோளக்காட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் மத்தியில் எங்கள் கோயில் இருக்கிறது. சின்ன லுத்தரன் சபை. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் ஆரம்பித்தது என்பார்கள். பண்ணையத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சில குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. கஞ்சிக்குச் சேர்ந்தவர்கள் என்று ஊரில் இன்றைக்கும் கிண்டல் உண்டு. "கஞ்சி தீந்து எத்தன தலமொற ஆச்சு, நாங்க இன்னும் எந்திரிச்சுப் போவலையே" என்று என் அப்பா திருப்பிக் கொடுப்பார். இப்போது பாதிக் குடும்பங்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டன. மீதி இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பெஞ்சில் அடங்கிவிடுவோம். காற்று திரும்பினால் கோழிப்பண்ணை வாடை பீடம் வரைக்கும் வரும். பாட்டை நிறுத்தமாட்டோம்.

போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பழைய லுத்தரன் வழக்கம் அது. எங்களுக்கென்று தனியாக ஒரு ஐயர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நாலைந்து ஊர்ச் சபைகளுக்கு ஒருவர். இப்போது இருப்பவர் அயோத்தியாப்பட்டணத்தில் குடியிருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு பைக்கில் வந்து அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே மணி அடித்து, நாங்களே ஆராதனை முறைமையை வாசித்து, யாராவது ஒருவர் பிரசங்கத்தையும் படித்துவிடுவோம். பெரும்பாலும் நான்தான். முட்டைப் பண்ணை ஆபீஸில் நாள் முழுக்கப் போனில் கத்துகிற வேலை எனக்கு. எங்கள் சபைக்கு மைக் தேவைப்படாததற்கு நானும் ஒரு காரணம்.

ஐயர் தூரத்தில் இருக்கிற சபை என்பதால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழந்தை பிழைக்குமா என்று தெரியாத நிலையில், ஐயர் வரும்வரை காத்திருக்க முடியாது என்றால், சபையில் யார் வேண்டுமானாலும் அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆண் பெண் வித்தியாசம் இல்லை. தண்ணீர் வேண்டும், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமம் வேண்டும், அவ்வளவுதான். கொடுக்கிற கையைப் பார்த்து ஆண்டவர் எதையும் தீர்மானிப்பதில்லை. இது எல்லா லுத்தரன் சபையிலும் உள்ள போதனைதான். மற்ற இடங்களில் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். எங்களுக்கு மறக்க வசதி இருந்ததில்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் சின்னச் சின்ன மேடுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியது ஏதோ ஒரு சித்தப்பா, ஏதோ ஒரு பக்கத்து வீட்டு அக்கா.

அதனால் திடப்படுத்தல் வகுப்பில், அதாவது முதல் திருவிருந்து வாங்குவதற்கு முன் பிள்ளைகளுக்கு நடத்துகிற வகுப்பில், எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் பழக்கிவிடுவார்கள். நான் படித்த வருஷம் பாடம் எடுத்த உபதேசியார், உரித்த தேங்காய் ஒன்றை ஈரிழைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அதுதான் குழந்தை. "தலையைப் புடி, பேரச் சொல்லு, மூணு தடவ ஊத்து" என்றார். தேங்காய்க்கு என்ன பேர் என்று ஒருத்தி கேட்டாள். உபதேசியார் தன் பேரையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் வகுப்பே குட்டிச்சுவராகிவிட்டது. சிரிக்காமல் தேங்காயின் தலையைக் கவனமாகத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றியவன் ஒரே ஒரு பையன்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறக்காத பையன். பிற்பாடு அவரைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள்.

எங்கள் மகள் மேச்சேரியில் பிறந்தாள். அவருடைய உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாதம் ஆகும் முன்பே எனக்கு வலி கண்டுவிட்டது. சின்ன நர்சிங் ஹோம். விடியும்போது பிறந்தாள். மூச்சு திணறியது. உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். என்னால் எழுந்திரிக்க முடியவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் மட்டும் வாடகைக் காரில் போனார். சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒன்றே ஒன்று சொன்னார். "வழியில தண்ணி ஊத்திட்டன்."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கே நிறுத்தினார்கள், எந்தத் தண்ணீர், என்ன சொன்னார், எதுவும் தெரியாது. நாங்கள் முன்பே யோசித்து வைத்திருந்த பெயரைத்தான் சொல்லியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். முதலாளிகளின் பிள்ளைகள் பெயரைக் கேபினுக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதிக்கொடுப்பவர். எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் மகளுக்கு நட்ட சிலுவையிலும் அவரேதான் பெயரை எழுதினார். வருஷா வருஷம் மழைக்குப் பிறகு போய்ப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டு வருவார். ஆனால் அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவும் இல்லை.

இனித் தம்பி குழந்தையின் கதை. தம்பி போர்வெல் ரிக் வண்டியில் வேலை. வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கர் பக்கம்தான் இருப்பான். அவன் அங்கே இருந்த சமயத்தில் அவன் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறி, நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாளாகும் முன்பே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். அவள் மயக்கத்தில் கிடந்தாள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, சொல்ல முடியாது, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். ஐயருக்குப் போன் போட்டேன். ஆத்தூர் பக்கம் ஒரு அடக்கத்தில் இருந்தார், எடுக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னொரு தடவையா என்று. உள்ளே இருந்த நர்ஸ் பெண்ணிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பரமத்தி பக்கத்து விவசாயக் குடும்பம், நெற்றியில் விபூதிக் கீற்று. நான் சொன்னது பாதிதான் புரிந்திருக்கும்.

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்றாள்.

"மூணு சொட்டுத் தண்ணி, சாமி. அவ்வளவுதான்."

கையைக் கழுவச் சொல்லி, கவுன் மாட்டிவிட்டு, ஊசி மருந்து கலக்குகிற சுத்தத் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்தாள். பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். "நான் என்னங்க சொல்லோணும்?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமென் என்று சொன்னால் போதும் என்றேன். குழந்தையின் தலையைத் தொட்டேன். பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. பெற்றவர்கள் என்ன பெயர் வைக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் ஆள் இல்லை. வாயில் என் மகளின் பெயர்தான் வந்தது. மூன்று சொட்டு விட்டேன். நர்ஸ் பெண் "ஆமென்ங்க" என்றாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. மெல்ல மெல்லத் தேறி, வீட்டுக்கும் வந்து, நன்றாகக் கத்தவும் ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் சண்டை.

தம்பியின் மாமியார் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறார். அங்கே பெரிய சபை ஒன்றில் உறுப்பினர். ஏசி ஹால், திரையில் பாட்டு வரும். பேத்தியின் ஞானஸ்நானத்தை மண்டபம் பிடித்து நடத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதில் தப்பில்லை. ஞானஸ்நானம் ஆகிவிட்டது என்று நான் சொன்னதும் சிரித்தார். என்ன பெயர் சொன்னேன் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"செத்த புள்ள பேரையா எம் பேத்திக்கு வெச்சீங்க?" என்றார்.

தம்பி மனைவி குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

"அக்கா, நீ பயத்துல பண்ணுனது அது. யாரு இல்லீன்னா? ஆனா அது சபையில நடந்ததா? மறுபடி ஒருக்கா பண்ணிக்கிட்டா ஒனக்கு என்ன?" என்றான் தம்பி.

"ஒருத்தருக்கு ஒருதடவதான். ரெண்டாந்தடவ ஊத்துனா மொதல்ல ஊத்துனது பொய்யின்னு அர்த்தம்."

"அதைய யாருங்க பாத்தா?" என்றார் மாமியார். "எல்லாம் மொறையாத்தான் சொன்னீங்கன்னு யாரு கண்டா? உங்க ஐயர் பண்ணலீன்னா எங்க சபையில பண்ணிக் குடுப்பாங்க, போங்க."

யார் கண்டா என்கிற அந்தக் கேள்விதான் என்னைக் குத்தியது. ஆஸ்பத்திரியில் நடந்ததை நர்ஸ் கண்டாள். காருக்குள் நடந்ததை? ஒரு வாடகைக் கார் டிரைவர். அவர் இன்று எங்கே இருக்கிறாரோ. அன்று வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. மூன்று நாமத்தையும் சொன்னீர்களா, அழுகையில் பாதியில் விட்டுவிட்டீர்களா என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

அந்த மாதத்து ஞாயிறு ஐயர் வந்ததும், ஆராதனை முடிந்த கையோடு அவரைப் பிடித்துக்கொண்டேன். என்னைவிட வயதில் சின்னவர், பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டாவது தடவை நான் கொடுக்கமாட்டேன்மா. நீங்க கொடுத்தது கொடுத்ததுதான்" என்றார். வெற்றி என்று நினைத்தேன். அவர் முடிக்கவில்லை. "ஆனா பேரு வேற, ஞானஸ்நானம் வேற. நீங்க அந்தப் பொண்ணை யாருடைய நாமத்துல ஒப்புக்கொடுத்தீங்க? உங்க மக பேரிலயா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"பெத்தவங்க அவங்க இஷ்டப்பட்ட பேரை வைக்கட்டும். அதனால அந்தத் தண்ணி போயிடாது" என்றார்.

பைக் போன பிறகும் நான் கோயில் படியில் உட்கார்ந்திருந்தேன். நான் சண்டை போட்டது இரண்டு விஷயத்துக்கு. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு குழந்தை ஓடி வருவதை நான் பார்க்க ஆசைப்பட்டேன். அந்த ஆசை ஞானஸ்நானத்தில் சேர்ந்தது இல்லை. விட்டுக்கொடுப்பது எனக்குச் சுலபமாக வராது. ஆனால் தண்ணீரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பெயரை விட்டாக வேண்டும். அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவியிடம், "பேரு ஒன்னுது சாமி. நீ வெக்கறதுதான் பேரு. ஊத்துன தண்ணிய மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன்" என்றேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "நம்ம கோயலுக்கே வாரோங்கண்ணி" என்றாள். அவள் அம்மா ஏதோ சொல்ல வந்தார். "அம்மா, விடு" என்றாள்.

ஐயர் இல்லாமல் கொடுத்த ஞானஸ்நானத்தைச் சபை முன்னால் விசாரித்து ஏற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு முறைமை இருக்கிறது. பிழைத்த பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கிற முறைமை. அடுத்த மாதம் ஐயர் வந்த ஞாயிறு அதற்குக் குறித்தார்கள். நான் நர்ஸ் பெண்ணுக்குப் போன் செய்து கூப்பிட்டிருந்தேன். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்து, பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்துகொண்டாள். எங்கள் சபையில் ஞானஸ்நானத் தண்ணீரைக் குழந்தையின் அப்பாதான் வீட்டிலிருந்து கொண்டுவருவான். இந்தத் தடவை தண்ணீருக்கு வேலை இல்லை என்று தம்பியிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஊருக்கெல்லாம் போர் போட்டவன், தன் வீட்டுப் போரில் பிடித்த தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். ஐயர் சிரித்துக்கொண்டே ஓரமாக வைக்கச் சொன்னார். அவன் முகம் தொங்கிவிட்டது.

குழந்தையோடு எல்லோரும் முன்னால் போய் நின்றோம். ஐயர் கேட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?"

"நான்" என்றேன். கோழிப்பண்ணை வரைக்கும் கேட்டிருக்கும்.

"எதனால் கொடுத்தீர்கள்?"

"தண்ணீரால்."

"எந்த நாமத்தில்?"

மூன்றையும் சொன்னேன்.

"கூட இருந்து பார்த்தது யார்?"

"நானுங்க" என்றாள் நர்ஸ் பெண் எழுந்து நின்று. "எல்லாஞ் சரியாச் சொன்னாங்க. நானுந்தான் ஆமென் சொன்னன்."

சபை சிரித்தது. ஐயரும் சிரித்தார். பிறகு பிள்ளையின் பெயரைக் கேட்டார். தம்பி மனைவி அவள் தேர்ந்தெடுத்த பெயரைச் சொன்னாள். நல்ல பெயர். எனக்கு வலித்தது, ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றேன். இந்தப் பிள்ளை பெற்ற ஞானஸ்நானம் மெய்யானது, நிறைவானது, திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை என்று ஐயர் சபைக்கு அறிவித்தார். தம்பியின் மாமியார்கூட ஆமென் சொன்னார். கொஞ்சம் லேட்டாக.

வெளியே பந்தலில் பிரியாணி வாசம் வந்துவிட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். தம்பி மனைவி மட்டும் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, ஓரத்தில் இருந்த குடத்தை இடுப்பில் எடுத்தாள். "வாங்கண்ணி" என்று கோயிலுக்குப் பின்பக்கம் நடந்தாள். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அங்கே கொஞ்ச நேரம் நிற்பது வழக்கம்.

செத்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. அவர்களை ஒப்புக்கொடுத்தாயிற்று, இனி அவர்களுக்கு நாம் செய்ய ஒன்றும் இல்லை. மகளின் மேட்டில் நித்தியகல்யாணிச் செடி ஒன்று இருக்கிறது, அது வெயிலில் வாடிக் கிடந்தது. தம்பி மனைவி குடத்தைச் சாய்த்து அதற்கு ஊற்றினாள். ஊற்றி முடித்துவிட்டு, சிலுவையில் எழுதியிருந்த பெயரைப் படித்தாள். என்னிடம் கேட்பதற்கு அவளுக்குப் பயமாக இருந்திருக்கும். இருந்தாலும் கேட்டாள்.

"இவளுக்கு ஞானஸ்நானம் குடுத்தது யாருங்கண்ணி?"

எங்களிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. பிழைக்காத பிள்ளையைப் பற்றி யார் கேட்பார்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நான்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். ஐயர் கேட்ட வரிசை அவள் காதில் இன்னும் இருந்திருக்க வேண்டும். "எதனாலங்கண்ணா?"

"தண்ணியில. டிரைவர் குடிக்க வெச்சிருந்த பாட்டல்ல இருந்து. வண்டிய நிறுத்தச் சொல்லித்தான் ஊத்துனேன்."

"எந்த நாமத்துலங்கண்ணா?"

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூணும் சொன்னேன். டிரைவருக்குக் கேக்கற மாதிரிச் சொன்னேன்." பிறகு அவர் என்னைப் பார்த்தார். "அவரும் எறங்கி வந்து, தொப்பியக் கழட்டிட்டு நின்னாரு."

"என்ன பேருங்கண்ணா?"

அவர் சொன்னார். வாய் நிறையச் சொன்னார். கையில் இருந்த குழந்தை திடுக்கிட்டுக் கத்த ஆரம்பித்தது. நான் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்று, அழுது முடித்தேன். பிறகு எல்லோருமாகச் சாப்பிடப் போனோம்.